ரெக்ஸ் வருவதற்குள் திரும்பப் பழகுங்கள்: பழைய மேஸ் விளையாட்டுகளைத் தொடங்குவோருக்கு

முதலில் ஒரு கட்டம் போட்ட கணக்கு நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே ஒரு பென்சில், ஒரு ரப்பர். 1980-களின் தொடக்கத்தில் வீட்டுக் கணினிகளில் வந்த மேஸ் விளையாட்டுகளை, அதாவது புதிர்ப்பாதைக்குள் நாமே நடந்து போவதுபோல் கண் மட்டத்தில் காட்டும் விளையாட்டுகளை ஆட வேண்டிய கருவிகளில் பாதி இதுதான். மீதிப் பாதி ஒரு சாதாரண லேப்டாப்பும், இலவசமாகக் கிடைக்கும் எம்யூலேட்டரும், அதாவது பழைய கணினியைப்போல நடந்துகொள்ளும் மென்பொருளும்.

இவற்றை முதன்முதலாகத் திறப்பவர்கள் பலர் ஐந்து நிமிடத்தில் மூடிவிடுகிறார்கள். கருப்பு வெள்ளைக் கட்டங்கள், அசைந்தால் மாறும் நாலைந்து கோடுகள், எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரிச் சுவர். குறை விளையாட்டில் இல்லை. இன்றைய விளையாட்டுகள் ஓரத்தில் வரைபடம் காட்டும், அம்புக்குறி காட்டும், போக வேண்டிய இடத்தை மினுமினுக்க வைக்கும். இவற்றில் பெரும்பாலும் அப்படி எதுவும் கிடையாது. ‘நான் இப்போது எங்கே நிற்கிறேன்? எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறேன்?’ என்ற இரண்டு கேள்விகள்தான் மொத்த ஆட்டமும். அந்த இரண்டுக்கும் பதில் சொல்லக் கற்றுக்கொண்டால், அந்த நாலு கோடுகளே உங்களை நடுராத்திரி வரை உட்கார வைத்துவிடும்.

இந்த வகை பிறந்தது வீட்டில் அல்ல. 1973 வாக்கில் கலிபோர்னியாவில் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில், இம்லாக் என்ற கணினியில் சில இளைஞர்கள் உருவாக்கிய மேஸ் வார்தான் இவற்றின் பாட்டன். வீட்டுக்குள் வந்தது 1970-களின் இறுதியில், ஆப்பிள் II என்ற வீட்டுக் கணினி வழியாக. நான் உங்களைத் தொடங்கச் சொல்வது அதற்கும் சில ஆண்டுகள் பின்னால், இங்கிலாந்தில் வந்த ஒரு விளையாட்டிலிருந்து. அதற்குக் காரணம், அதில் செய்யக்கூடியவை மூன்றே மூன்று: முன்னே போகலாம், இடது திரும்பலாம், வலது திரும்பலாம். கற்றுக்கொள்பவருக்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை.

முதல் ஆட்டம்: 3டி மான்ஸ்டர் மேஸ்

சின்க்ளேர் நிறுவனம் 1981 மார்ச்சில் வெளியிட்ட இசட்எக்ஸ்81 என்ற கணினிக்காக மால்கம் இவான்ஸ் என்ற பொறியாளர் எழுதியது இது. ஜே.கே.கிரே சாஃப்ட்வேர் 1982-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்தக் கணினியின் நிலையை ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். வாங்கும்போது அதில் இருந்த நினைவகம் 1 கிலோபைட். வண்ணம் கிடையாது, ஒலி கிடையாது. திரையில் 32 எழுத்து அகலம், 24 வரி உயரம், அவ்வளவுதான். செயலி வேகம் 3.25 மெகாஹெர்ட்ஸ். அந்த ஒரே செயலிதான் திரையையும் வரைந்து காட்ட வேண்டும் என்பதால், நிரலை ஓட்ட அதற்கு மிஞ்சுவது நேரத்தில் ஏறக்குறைய கால்பங்கு. இதற்குள் ஒரு புதிர்ப்பாதை, அதற்குள் ஒரு டைனோசர், அது நம்மைத் துரத்துவது எல்லாவற்றையும் அடக்கியிருக்கிறார். எத்தனை முறை எண்ணினாலும் எனக்கு வியப்பு தீரவில்லை.

இறக்கி ஓட்டும் முறைக்கு வருவோம். விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு எய்ட்டிஒன் என்ற எம்யூலேட்டர் போதும். லினக்ஸ், மேக் வைத்திருப்பவர்கள் இசட்ஈசாரஸ் பயன்படுத்தலாம். அமைப்புகளில் இயந்திரம் இசட்எக்ஸ்81 என்றும், நினைவகம் 16 கிலோபைட் என்றும் தேர்ந்தெடுங்கள். இந்த இரண்டாவதை மறந்துவிட்டு, ‘ஓடவே இல்லை’ என்று விட்டுப்போகிறவர்கள் உண்டு. விளையாட்டு 1 கிலோபைட்டில் ஓடாது. அந்தக் காலத்தில் இதை ஆட வேண்டுமென்றால் கணினியின் முதுகில் 16 கிலோபைட் கூடுதல் நினைவகப் பெட்டி ஒன்றைத் தனியாக வாங்கிச் செருக வேண்டும். அது லேசாக ஆடினாலும் போதும், எல்லாம் அழிந்துபோய்க் கணினி முதலிலிருந்து தொடங்கும். ஆகவே விசைப்பலகையை மெதுவாக அழுத்திப் பழகிய ஒரு தலைமுறையே அங்கே உண்டு.

எம்யூலேட்டரில் விளையாட்டின் கோப்பைத் திறந்தால் பெரும்பாலும் தானாக ஏறிவிடும். ஏறாவிட்டால் ஜே விசையை அழுத்துங்கள். ‘லோட்’ என்ற முழுச் சொல்லும் ஒரே விசையில் திரைக்கு வரும். இந்தக் கணினியில் கட்டளைகளை எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்வதில்லை. பிறகு ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு பி விசையை இரண்டு முறை அழுத்தினால் மேற்கோள் குறிகள் இரண்டு வரும். அப்புறம் என்டர்.

இரண்டு எச்சரிக்கைகள். எம்யூலேட்டரில் வேகத்தைக் கூட்டும் வசதி இருக்கும், ஆட்டம் தொடங்கியபின் அதைத் தொடாதீர்கள். உண்மையான வேகத்தில்தான் இந்த விளையாட்டு நியாயமாக இருக்கும். இன்னொன்று, நடப்பதற்கு உங்கள் விசைப்பலகையின் அம்புக்குறி விசைகளை நம்ப வேண்டாம். பழைய கணினியில் அம்புக்குறிகள் எண் விசைகளின்மேல் அச்சிடப்பட்டிருந்தன. ஆகவே 7 என்றால் முன்னே, 5 என்றால் இடது, 8 என்றால் வலது. எண்களையே அழுத்துங்கள்.

படத்தை வாசிப்பது

நடக்கத் தொடங்குமுன் சும்மா நின்று திரையைப் பாருங்கள். யாரும் சொல்லித் தராத ஒரு சிறு விதி இருக்கிறது, அது தெரிந்தால் எல்லா மேஸ் விளையாட்டுகளும் திறந்துகொள்ளும். பக்கவாட்டில் சுவரின் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் நடுத் திரையை நோக்கிச் சாய்ந்து போனால், அது உங்களோடு கூடவே நீளும் சுவர். அந்தச் சாய்வு நின்று, விளிம்பு ஓரிடத்தில் நேராகப் படுத்திருந்தால், அங்கே சுவர் இல்லை, திறப்பு இருக்கிறது. நீங்கள் பார்ப்பது அந்தப் பக்கப் பாதைக்கு அப்பால் எதிரே நிற்கும் சுவரை. சாய்ந்தால் சுவர், படுத்தால் வழி. கோடுகளால் வரைந்த விளையாட்டுகளில் இது பளிச்சென்று தெரியும். மான்ஸ்டர் மேஸில் கட்டங்களால் ஆன படம் என்பதால் சாய்வு படிக்கட்டு போல இருக்கும், ஆனால் விதி அதேதான்.

படம் ஏன் இப்படித் தாவித் தாவி மாறுகிறது என்பதும் தெரிந்திருக்கட்டும். இன்றைய முப்பரிமாண விளையாட்டுபோல ஒவ்வொரு புள்ளியையும் கணக்கிட அந்தக் கணினிகளால் முடியாது. நீங்கள் நிற்கும் கட்டம், அதற்கு அடுத்தது, அதற்கும் அடுத்தது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, இடது பக்கம் சுவரா, வலது பக்கம் சுவரா, எதிரே சுவரா என்று கேட்டு, ஒவ்வொரு தூரத்துக்கும் அளவு வகுத்துவைத்த துண்டுகளை அடுக்குகின்றன. அதனால்தான் அரைக் கட்டம் நகர முடியாது, 90 பாகைக்குக் குறைவாகத் திரும்ப முடியாது. நமக்கு இது வசதி. எத்தனை கட்டம் நடந்தோம் என்று எண்ணிவிடலாம்.

முதல் பயிற்சி மிக எளிது. நின்ற இடத்திலேயே நான்கு முறை வலது திரும்புங்கள். நான்கு படங்கள் வரும், ஐந்தாவது முதல் படமேதான். இப்போது முதலில் பார்த்த திசைக்கு வடக்கு என்று பெயர் வையுங்கள். உண்மையில் அது வடக்கா என்பது பொருட்டல்ல. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் வாய்விட்டுச் சொல்லுங்கள்: கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு. மனசுக்குள் சொன்னால் போதாது. வாய் சொல்லும்போதுதான் மூளை அதைப் பிடித்துக்கொள்கிறது என்பது என் அனுபவம்.

ரெக்ஸ்

புதிர்ப்பாதையின் அளவு 16-க்கு 18 கட்டம். ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாகும், ஆகவே யாரும் மனப்பாடம் செய்ய முடியாது. உள்ளே ஒரு டைரனோசாரஸ் ரெக்ஸ், எங்கோ ஒரு வெளிவாசல். ரெக்ஸ் உங்களைத் தேடும்போது எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் 5 புள்ளி, வாசலைக் கண்டால் 200.

ஒலி இல்லாத கணினியில் பயத்தை எப்படிக் கொண்டுவருவது? இவான்ஸ் அதைத் திரையின் அடியில் வரும் ஒரு வரியால் சாதித்தார். தொடக்கத்தில் ரெக்ஸ் பதுங்கியிருக்கிறது என்று இருக்கும். பிறகு உங்களைத் தேடுகிறது என்று மாறும். அப்புறம் காலடி நெருங்குகிறது. அடுத்து, உங்களைப் பார்த்துவிட்டது. கடைசியில் ஓடு, பக்கத்தில் இருக்கிறது, அல்லது ஓடு, பின்னால் இருக்கிறது. புதியவர்கள் பாதையையே பார்த்துக்கொண்டு இந்த வரியை விட்டுவிடுகிறார்கள். கண்ணின் ஓரம் எப்போதும் அந்த வரியில் இருக்கட்டும். உங்களுக்குக் காது அதுதான்.

போன கோடை விடுமுறையில் பன்னிரண்டு வயதான அக்கா மகளை இதன்முன் உட்கார வைத்தேன். முதல் சில நிமிடம் உதட்டைப் பிதுக்கிக்கொண்டுதான் இருந்தாள். காலடி நெருங்குகிறது என்ற வரி வந்ததும் நாற்காலியில் கொஞ்சம் முன்னால் நகர்ந்தாள். ஒரு நீண்ட பாதையின் கோடியில் சிறு புள்ளிபோல ஏதோ தெரிந்தது. ஒரு கால் முன்னே, மறு கால் முன்னே, ஒவ்வோர் அடிக்கும் கொஞ்சம் பெரிதாகி வந்தது. அவள் சட்டென்று திரும்பி ஓடினாள். வரி மாறியது.

“மாமா, பின்னாடி இருக்குன்னு போட்டிருக்கு. திரும்பிப் பாக்கவா?”

“பாக்காத. நேரா போ. மொத சந்துல திரும்பு.”

அவள் பார்த்தாள். திரை முழுக்கப் பற்கள். கத்திக்கொண்டு எழுந்தவள் இரண்டு நிமிடத்தில் மறுபடி உட்கார்ந்து, “இந்தத் தடவ திரும்ப மாட்டேன்” என்றாள். அன்று சாப்பிடக் கூப்பிட்டபோது அக்காவுக்குப் பதிலே வரவில்லை.

அவள் கற்றுக்கொண்டதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். திரும்புவதற்கும் நேரம் செலவாகும், ஆனால் ஓரடிகூட நகர்ந்திருக்க மாட்டீர்கள். பின்னோக்கி நடக்கும் விசையும் இல்லை, பின்னே போக இரண்டு முறை திரும்ப வேண்டும். ஆகவே ரெக்ஸ் எதிரே தூரத்தில் இருந்தால் உடனே இரண்டு முறை திரும்பி விலகுங்கள். பின்னால் இருந்தால் திரும்பவே கூடாது. நேராகப் போய், கிடைக்கும் முதல் பக்கப் பாதையில் நுழைந்து, அடுத்ததில் மறுபடி வளையுங்கள். முட்டுச்சந்து வந்துவிட்டால் அந்தச் சுற்று முடிந்தது, வருத்தப்படாமல் அடுத்ததைத் தொடங்குங்கள்.

வாசலைத் தேட ஒரு பழைய உத்தி உண்டு. வலது கையைச் சுவரில் வைத்து, எடுக்காமலே நடப்பது. திரையில் அதன் பொருள் இது: வலது பக்கம் திறப்பு இருந்தால் வலது திரும்பிப் போங்கள். இல்லையென்றால் நேரே. அதுவும் இல்லையென்றால் இடது. எதுவும் இல்லையென்றால் இடப்புறமாகவே இரண்டு முறை திரும்பி வந்த வழியே. ஆனால் நீங்கள் தொட்டுக்கொண்டிருக்கும் சுவர் மற்றச் சுவர்களோடு சேராமல் தனித் தீவாக நின்றால், அதையே சுற்றிச் சுற்றி வருவீர்கள், வாசல் வரவே வராது. இதைக் கண்டுபிடிக்க விரலில் கணக்கு வையுங்கள். வலது திரும்பினால் ஒன்று கூட்டுங்கள், இடது திரும்பினால் ஒன்று கழியுங்கள். கணக்கு நான்கு வரை ஏறி, வந்த இடமும் பழக்கமானதாகத் தோன்றினால் அநேகமாகத் தீவைத்தான் சுற்றுகிறீர்கள். அந்தச் சுவரை விட்டுவிட்டு எதிர்ப்பக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு தொடருங்கள்.

நோட்டைத் திறக்கும் நேரம்

ரெக்ஸ் துரத்தும்போது வரைபடம் போட முடியாது. வரையக் கற்க, நாம் நடந்தால் மட்டும் நடக்கிற விளையாட்டு வேண்டும். அதற்கு ஆப்பிள் II-க்கு வந்த அகலபெத் மிகப் பொருத்தம். எழுதியவர் ரிச்சர்ட் கேரியட், அப்போது பதின்பருவத்தவர். மியூஸ் நிறுவனத்துக்காக சைலஸ் வார்னர் எழுதிய எஸ்கேப் என்ற ஆப்பிள் II மேஸ் விளையாட்டைப் பார்த்த தாக்கத்தில்தான் தன் விளையாட்டின் நிலவறையை அதேபோல் கண் மட்டப் பார்வையில் அமைத்தார். 1980-ல் கலிபோர்னியா பசிபிக் நிறுவனம் வெளியிட்டது. ஓட்டுவதற்கு ஆப்பிள்வின் என்ற எம்யூலேட்டர் போதும்.

இதை நான் பரிந்துரைப்பதற்கு ஒரு குறிப்பான காரணம் உண்டு. தொடங்கும்போது ராசி எண் ஒன்று கேட்கும். அந்த எண்ணிலிருந்துதான் உலகம் முழுவதும் உருவாகிறது. அதே எண்ணைக் கொடுத்தால் அதே உலகம், அதே நிலவறைகள். ஆகவே ஓர் எண்ணைத் தேர்ந்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இன்று வரைந்த வரைபடம் நாளைக்கும் செல்லும். உணவை மட்டும் கடையில் தாராளமாக வாங்கிவிடுங்கள். ஒவ்வோர் அடிக்கும் உணவு குறையும், தீர்ந்தால் பட்டினிச் சாவுதான்.

வரைவது எப்படி? பக்கத்தின் நடுவில் ஒரு கட்டத்தில் புள்ளி வைத்து அங்கிருந்து தொடங்குங்கள். நீங்கள் பார்க்கும் திசையில் ஒரு சிறு அம்பு. முன்னே ஓரடி வைத்தால் அடுத்த கட்டத்துக்கு அம்பை நகர்த்துங்கள். இங்கே சுவர் என்பது ஒரு முழுக் கட்டம், ஆகவே சுவர் இருக்கும் கட்டத்தைப் பென்சிலால் நிரப்புங்கள். பார்த்ததை மட்டும் வரையுங்கள். ‘இங்கேயும் சுவர்தான் இருக்கும்’ என்று ஊகித்துப் போட்ட ஒரு கட்டம் பத்து நிமிடம் கழித்துப் பக்கத்தையே கெடுத்துவிடும்.

திரும்பும்போது நோட்டையும் சேர்த்துத் திருப்பலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது என்பேன். திருப்பினால் முதல் நாள் எளிதாக இருக்கும். ஆனால் திசை தலைக்குள் ஏறாது, கைதான் வேலை செய்துகொண்டிருக்கும். நோட்டு அப்படியே இருக்கட்டும், வடக்கு எப்போதும் மேலே. தெற்கு நோக்கி நடக்கும்போது உங்கள் வலது பக்கம் நோட்டில் இடது பக்கமாக இருக்கும். இந்தக் குழப்பம் தீர இரண்டு மூன்று மாலைகள் ஆகும், அவ்வளவுதான்.

விசார்ட்ரி: உண்மையான பரீட்சை

ராபர்ட் உட்ஹெட், ஆண்ட்ரூ கிரீன்பெர்க் இருவரும் எழுதி 1981-ல் ஆப்பிள் II-க்கு வந்த விசார்ட்ரியில் ஆறு பேர் கொண்ட குழுவோடு பத்து அடுக்கு நிலவறைக்குள் இறங்குகிறோம். ஒவ்வோர் அடுக்கும் சரியாக 20-க்கு 20 கட்டம். எம்யூலேட்டர் அமைக்கத் தயங்குபவர்களுக்கு டிஜிட்டல் எக்லிப்ஸ் 2024-ல் வெளியிட்ட மறுவடிவம் இருக்கிறது. அதன் அடியில் ஓடுவது பழைய ஆப்பிள் II விளையாட்டேதான். எந்தப் பதிப்பானாலும், தானாக வரைபடம் போடும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள்.

நோட்டில் 20-க்கு 20 சதுரம் ஒன்று வரைந்து, கீழ்விளிம்பில் 0 முதல் 19 வரை கிழக்குக்கும், இடது விளிம்பில் 0 முதல் 19 வரை வடக்குக்கும் எண் இடுங்கள். முதல் அடுக்கில் நீங்கள் இறங்கும் படிக்கட்டு இடது கீழ்மூலை, அதாவது 0, 0. பார்ப்பது வடக்கு. இங்கே ஒன்று மாறுகிறது. சுவர்கள் தடிமன் இல்லாதவை, கட்டத்துக்கும் கட்டத்துக்கும் இடையே நிற்பவை. ஆகவே கட்டத்தை நிரப்பக் கூடாது, கட்டத்தின் விளிம்புக் கோட்டைத்தான் அழுத்தி வரைய வேண்டும். கதவுக்கு அந்தக் கோட்டின் குறுக்கே ஒரு சிறு வெட்டு.

இந்த விளையாட்டு உங்கள் வரைபடத்தோடு நேரடியாகச் சண்டை போடும். மிதித்ததும் உங்களைச் சத்தமில்லாமல் வேறு திசைக்குத் திருப்பிவிடும் கட்டங்கள் உண்டு. வேறிடத்துக்குத் தூக்கிப் போடும் கட்டங்கள் உண்டு. எதுவுமே தெரியாத இருட்டுப் பகுதிகள் உண்டு. கிழக்கு விளிம்பைத் தாண்டினால் மேற்கு விளிம்பில் வந்து நிற்பீர்கள், விளிம்பு என்பதே இல்லாததுபோல. மகாபாரதம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அபிமன்யுவின் நிலை இங்கே நன்றாகப் புரியும். உள்ளே போவதில் சிரமமே இல்லை.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஓர் இரவு ஓர் அடுக்கில் ஒரு பக்கம் முழுக்க வரைந்தபின், திறந்த பாதை என்று குறித்திருந்த இடத்தில் சுவர் எதிர்ப்பட்டது. முன்னால் எங்கோ தவறு செய்துவிட்டேன் என்று நினைத்து, பத்துப் பன்னிரண்டு கட்டங்களை அழித்து, புதிதாக வரைந்தேன். சரியாக இருந்ததை அழித்து, தவறானதை அதன்மேல் போட்டிருக்கிறேன். அதற்கு நாலைந்து அடி முன்னால் என்னைத் திருப்பிவிட்டிருக்கிறார்கள் என்பது மறுநாள்தான் தெரிந்தது. அன்றிலிருந்து ஒரு பழக்கம்: வரைபடமும் திரையும் முரண்பட்டால் ரப்பரைத் தொடுவதில்லை. அப்படியே நின்று, பக்கத்தின் ஓரத்தில் புதிய துண்டு வரைபடம் ஒன்றைத் தொடங்குவேன். பிறகு அந்தத் துண்டு பழையதில் எங்கே பொருந்துகிறது என்று பார்த்தால், எந்தக் கட்டம் நம்மைத் திருப்பியது என்பதும் தானாகத் தெரிந்துவிடும்.

நிற்கும் இடத்தை உறுதிசெய்ய டுமாபிக் என்ற மந்திரம் இருக்கிறது. படிக்கட்டிலிருந்து எத்தனை கட்டம் கிழக்கு, எத்தனை கட்டம் வடக்கு, எத்தனை அடுக்கு கீழே என்று சொல்லிவிடும். தொடக்கத்தில் உங்கள் மந்திரவாதிக்கு அது தெரிந்திருக்காது, நிலை உயரும்போது கற்றுக்கொள்வார். அதுவரை ஆழமாகப் போகாதீர்கள். இறந்தவர்களின் நிலை உடனுக்குடன் வட்டில் பதிந்துவிடும், பழைய இடத்துக்குத் திரும்பிப்போய் மறுபடி ஆடும் சலுகை இங்கே கிடையாது. முதல் வாரம் படிக்கட்டைச் சுற்றியுள்ள ஏழெட்டுக் கட்டத்துக்குள்ளேயே நடந்து, ஒரு சண்டை போட்டு, மேலே ஏறி, காயம் ஆற்றி, மறுபடி இறங்குங்கள். பொறுமை இருந்தால் இதில் ஒரு தனிச் சுகம் உண்டு. கோடு கோடாக ஓர் அடுக்கு உங்கள் கையால் உருவாகிவருவதைப் பார்ப்பதற்கு ஈடாக இன்றைய விளையாட்டுகளில் எதையும் நான் கண்டதில்லை.

அதன்பின்

இந்த மூன்றும் கைவந்தால் மற்றவற்றுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அட்டாரி 8-பிட் கணினிக்கு பால் எடல்ஸ்டீன் எழுதி 1982-ல் வந்த வேஅவுட்டில் 90 பாகைத் தாவல் இல்லை, சீராகத் திரும்பலாம். காற்று நம்மைத் தள்ளும், மின்மினிகள் பறப்பதை வைத்து அது வீசும் திசையை அறியலாம். கையில் திசைகாட்டி தருவார்கள், அதைப் பிடுங்கிக்கொண்டு போக ஒரு திருடன் உள்ளே அலைவான். அல்டிரா எம்யூலேட்டரில் நன்றாக ஓடும்.

டேண்டி கலர் கம்ப்யூட்டருக்கு வந்த டஞ்சன்ஸ் ஆஃப் டாகரத், 8 கிலோபைட் கேட்ரிஜில் அடங்கியது. இதை எக்ஸ்ரோர் எம்யூலேட்டரில், ஹெட்போன் போட்டு ஆடுங்கள். உயிர் அளவைக் காட்ட எண்ணோ பட்டையோ கிடையாது, உங்கள் இதயத் துடிப்புதான் கேட்கும். ஓடினால், சண்டையிட்டால், அடிபட்டால் வேகமாகத் துடிக்கும், எல்லை மீறினால் மயங்கி விழுவீர்கள். கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டும், ஆனால் முதலெழுத்துகளே போதும். நுழைந்தவுடன் இருட்டாக இருக்கும். பயப்படாமல் பி, எல், டி என்று இடைவெளி விட்டு அடித்து என்டர், பிறகு யு, எல் அடித்து என்டர். பையிலிருந்து பந்தம் இடது கைக்கு வந்து எரியும். அதன்பின் எம் அடித்து ஓரடி வையுங்கள், துடிப்பு அடங்கும்வரை நில்லுங்கள், அடுத்த அடி.